முப்பத்தொன்றாம் எண் இடம்

வெர்லின் டைக்ஹவுஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆபீஸ் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடமாக மேற்பார்வை வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச், அங்கே பாட்டுக்குழுவில் கட்டைக் குரல். ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். அந்த நல்ல மனிதருக்கு ஒன்பது வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம் தங்கை யூனிஸின் கணவன் ஹார்வி போஸ்மா. இன்னும் சரியாகச் சொன்னால், ஜூலை மாதம் ஏரிக்கரைப் பூங்காவில் ஹார்விக்குத் தவறாமல் கிடைத்துவந்த முப்பத்தொன்றாம் எண் இடம்.

மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் அந்த மாநிலப் பூங்காவில் காருக்குப் பின்னால் இழுத்துவரும் டிரெய்லர் வீட்டை நிறுத்தித் தங்குவதற்கு நூற்றி முப்பது இடங்கள். மற்ற இடங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பக்கத்து டிரெய்லரின் முதுகு தெரியும். முப்பத்தொன்றில் உட்கார்ந்தால் ஏரி தெரியும். டைக்ஹவுஸ் குடும்பம் மொத்தமும் ஜூலை இரண்டாம் வாரம் அங்கே கூடும். ஆளாளுக்கு ஓர் இடம் எடுத்தாலும் சாயங்காலமானால் எல்லாரும் ஹார்வியின் நெருப்பைச் சுற்றித்தான். ஹார்வி நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சில் ரொட்டியும் செர்ரியும் வைத்துச் சுட்டுக் கொடுப்பான். வெர்லினின் சொந்தப் பேரப்பிள்ளைகள்கூட அவன் மடியில் ஏறி உட்கார்ந்து வாயெல்லாம் சிவப்பாகத் தின்றார்கள். எல்லாம் அந்த இடத்தின் மகிமை என்று வெர்லின் முடிவு கட்டியிருந்தார். இடம் தன் கைக்கு வந்தால் ஜனங்களும் தன்னிடம் வந்துவிடுவார்கள்.

இடம் பிடிப்பது சாமானிய வேலை இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால், ஜனவரியில், காலை எட்டு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். ஏரி தெரியும் இடங்கள் கண் இமைப்பதற்குள் போய்விடும். வெர்லின் அழுத்தும்போதெல்லாம் திரையில் வட்டம் சுற்றும். சுற்றி முடிந்தால் யாரோ எடுத்திருப்பார்கள். அந்த யாரோ எப்போதும் ஹார்வி.

"என்ன சூட்சுமம் வெச்சிருக்க?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டார்.

"எட்டு ஆனதும் அழுத்துவேன். அவ்ளோதான்," என்றான் ஹார்வி. அவன் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். அந்த விரலால் விரிசல் விட்ட பழைய போனில் அழுத்தினவனுக்குக் கிடைக்கிறது, தனக்குக் கிடைக்கவில்லை என்பது வெர்லினுக்கு ஜீரணமே ஆகவில்லை. எதையோ மறைக்கிறான் என்று ஒன்பது வருடமும் நம்பினார்.

இந்த ஜனவரியில் அரை நாள் லீவு போட்டார். முந்தின இரவெல்லாம் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டி முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர், தன் போன், மகளிடம் இரவல் வாங்கிய டேப்லெட் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டார்.

"நிலாவுக்கு ராக்கெட் விடறவன் மாதிரி உக்காந்திருக்க," என்றாள் மனைவி கார்லா.

"பேசாத. கவனம் சிதறுது."

எட்டு மணி. மூன்றையும் அழுத்தினார். போனில் வட்டம் சுற்றி நின்றது. முப்பத்தொன்று அவருடையது. மேஜையை ஓங்கி அடித்ததில் காபி கொட்டிக் கார்லாவின் செருப்பு நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காபி வேளையில் ஹார்வியைத் தேடிப் போனார். அவன் முகம் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்பது வருட ஆசை.

"இந்த வருஷம் எந்த இடம், ஹார்வ்?"

"நூத்திப் பதினெட்டு. கழிப்பறைக்குப் பக்கத்துல. அவசரத்துக்கு ஓட வேணாம் பாரு," என்று சிரித்தான். "முப்பத்தொண்ணு உனக்கா கெடச்சுது? நல்லதாப் போச்சு. கார்லாவுக்கு ரொம்பப் பிடிக்கும்."

முகம் தொங்கவில்லை. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இத்தனை வருடம் தான் பட்ட எரிச்சலில் கால் பங்காவது அவன் படவேண்டாமா? வெர்லினுக்கு வந்த கோபத்தில் அன்று பாட்டில் சுருதி போய்விட்டது.

ஜூலை வந்தது. வெர்லின் தொழிற்சாலையிலிருந்து பன்னிரண்டு புது நாற்காலிகள் கொண்டுவந்து ஏரியைப் பார்த்து அரைவட்டமாகப் போட்டார். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள், புகழ்ந்தார்கள், படம் எடுத்தார்கள். சூரியன் தண்ணீரில் இறங்கியதும் கரையில் இருந்தவர்கள் வழக்கம்போல் கைதட்டினார்கள். தனக்கே தட்டியதுபோல் வெர்லின் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பேத்தி தண்ணீர் குடிக்கப் போனாள், இன்னொருத்தி அவளைத் தேடிப் போனாள். யூனிஸ் எழுந்தாள், மருமகன் எழுந்தான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாற்காலி காலி.

மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஏறினார். முந்நூறு மரப்படி. "வரிசையா வா", "கைப்பிடியப் பிடி", "இப்பத் தண்ணி குடி" என்று படிக்கு ஓர் உத்தரவு போட்டார். உச்சியில் நின்று ஏரியைக் காட்டினால், "ஹார்வ் மாமா எப்ப வருவாரு?" என்று கேட்டது ஒன்று.

மூன்றாம் நாள் கார்லாவே காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏன், நம்ம நெருப்பு நெருப்பில்லையா?" என்றார் வெர்லின்.

"யார் எங்க உக்காரணும், எந்தப் பக்கம் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்க, வெர்ல். மனுஷன் கொஞ்சம் சாஞ்சு உக்கார வேணாமா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொந்த மனைவி. அதுவும் கழிப்பறைக்குப் பக்கத்தில் போய் உட்கார.

சனிக்கிழமை ஒருநாள் இருந்துவிட்டுப் போக அம்மா ட்ரூடி வந்தாள். எண்பத்து நான்கு வயது. ஹார்விதான் காரில் கூட்டிவந்தான். வெர்லின் மெத்தை தைத்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் அரை மணி நேரம் ஏரியைப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. காத்துதான் காதுல அடிக்குது. மத்தவங்க எல்லாம் எங்க?"

வேறு வழியில்லாமல் அம்மாவை நூற்றிப் பதினெட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வாரத்தில் வெர்லின் அங்கே கால் வைத்தது அன்றுதான். நிமிடத்துக்கு ஒரு தரம் கழிப்பறைக் கதவு அடித்துக்கொண்டது. குளிக்க வந்த அசலார்கள்கூடத் தோளில் துண்டோடு நின்று ஹார்வியிடம் கதை பேசினார்கள். வெர்லினின் ஆட்கள் அத்தனை பேரும் பெட்டியிலும் கட்டையிலும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு அங்கே வாய் திறந்தது. "ஜனவரில அந்தப் பெரிய பனி விழுந்துதே, அன்னிக்கி இவன் வந்த கோலத்தப் பாக்கணும். வெளியில இருக்கற ஹீட்டர் குழாய பனி மூடி ஹீட்டர் நின்னுடுச்சு, வீடு ஐஸ் பெட்டியாப் போச்சு. எட்டு மணிக்கு முன்னால வெர்லுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், எடுக்கல. ஹார்வுக்குப் பண்ணேன். பத்து நிமிஷத்துல பைஜாமாவோட வந்து மண்வெட்டியால பனியத் தள்ளிக்கிட்டு நிக்கறான். பைஜாமால வாத்துப் படம்."

எல்லாரும் சிரித்தார்கள். கார்லா மட்டும் சிரிக்காமல் வெர்லினைப் பார்த்தாள். அவருக்கு நினைவு வந்தது. போனில் அம்மா பெயர் வந்தது, விரலால் தள்ளிவிட்டது, மறுபடி வந்தது, மறுபடி தள்ளிவிட்டது. அன்று எட்டு மணிக்குத்தான் பதிவு திறக்கும் என்று ஹார்விக்கும் தெரியும். தெரிந்தும் ஆறு மாதமாக மூச்சு விடவில்லை.

வெட்கம் பிற்பாடுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமையேதான். இதையும் இவனே செய்துவிட்டானா என்று நெஞ்சு காந்தியது. தன் அம்மா, தன் பனி, தான் தள்ளியிருக்க வேண்டிய பனி.

"ஹார்வ்," என்றார். "நாளைக்கு இடத்த மாத்திக்கலாம். நீ முப்பத்தொண்ணுக்குப் போ."

"எதுக்கு? மூணு நாளுக்கு டிரெய்லரக் கழட்டி மாட்டிக்கிட்டு. எனக்கு இங்க ஆள் நடமாட்டம் நல்லாருக்கு," என்றான் ஹார்வி. உண்மையாகவே சொன்னான். கொடுக்கிற பெருமைகூட வெர்லினுக்குக் கிடைக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அம்மா எழுந்தாள். வெர்லின் முந்திக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"நான் கொண்டுபோய் விடறேம்மா."

அவள் மகன் கன்னத்தைத் தட்டினாள். குத்திக்காட்டுகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. "நீ எதுக்குப்பா? அந்த இடத்துக்கு எத்தன வருஷமா ஆசப்பட்ட. சூரியன் இறங்கப் போகுது, போய் உக்காந்து பாரு. எனக்கு ஹார்வ் இருக்கான்."

ஹார்வி கையை நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு கார் நிற்கும் பக்கம் மெதுவாக நடந்தாள். எந்தக் கையைப் பிடிப்பது, எவ்வளவு சாய்வது என்று இரண்டு பேருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பல நாள் பழகின நடை அது.