மரியரட்ணம் போகாத நடன விழா

1986ஆம் ஆண்டு மரியரட்ணத்துக்குப் பதினேழு வயது. ஜெர்மனியில், டோர்ட்மண்டுக்கு அருகிலுள்ள சிறு நகரொன்றின் அகதிகள் விடுதியில், அருட்பிரகாசம் என்பவரோடு ஓர் அறையில் வசித்து வந்தான். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை வேலை செய்யக் கூடாது. மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது. பள்ளிக்கூடம் மட்டும் இருந்தது. அங்கே அவன் வகுப்பில் ஹைக்கே என்ற ஜெர்மன் பெண் இருந்தாள்.

அந்த வயதுப் பிள்ளைகள் ஜோடி நடன வகுப்புக்குப் போவது ஜெர்மனியரின் வழக்கம். ஹைக்கே அவனைத் தன் இணையாகத் தேர்ந்தபோது, நடன ஆசிரியை அவளிடம், "உறுதியாகத்தானா?" என்று இருமுறை கேட்டார். ஹைக்கே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் அவள் கை தன் தோளில் பட்டதும் அதை மறந்துபோனான்.

நடன வகுப்பின் நிறைவு விழா அடுத்த நகரத்து மண்டபத்தில் நடக்கவிருந்தது. ஆண்பிள்ளை பூச்செண்டோடு பெண்ணின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். விழாவில் ஒரு நடனம் அவளுடைய தாயோடும் ஆட வேண்டும். ஆனால் அந்த நகரம் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தது. முன்பொரு நாள் இருவரும் ரயிலில் அங்கே படம் பார்க்கச் சென்றபோது, பெட்டி நிறைய ஆட்கள் இருக்க, பொலிஸார் அவனிடம் மட்டுமே அடையாள அட்டை கேட்டனர். ஹைக்கே அட்டையே கொண்டுவந்திருக்கவில்லை. அவளை ஒருவரும் கேட்கவில்லை. மறுபடியும் பிடிபட்டால் சிறைக்கும் போக நேரும் என்று அவனை எச்சரித்து அனுப்பினர்.

ஆகவே, வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி கேட்கப் புறப்பட்டான்.

"பல்லுக் கொதி, அங்க ஒரு டொக்டரிட்டைப் போகோணும் எண்டு சொல்லடா," என்றார் அருட்பிரகாசம். "டான்ஸ் எண்டு வாய் திறந்தியோ, அவ்வளவுதான்."

"பொய் சொல்ல ஏலாது அண்ணை. பிறகு அவளின்ரை தாயின்ரை முகத்தைப் பாத்து எப்பிடி ஆடுறது?"

"ஓமோம், இப்பவே மாமியாருக்குப் பயம்!"

அவன் உண்மையையே சொன்னான். நடனம் அவசியத் தேவையன்று என்று அலுவலர் மறுத்துவிட்டார்.

விழா மாலையில், இரவல் கோட்டும் பூச்செண்டுமாக ஹைக்கேயின் வீட்டு வாசலில் நின்று, அருட்பிரகாசம் சொல்லிக்கொடுத்த பொய்யையும் சேர்த்து, நடந்ததைச் சொன்னான்.

"அப்பாவின் காரில்தானே போகிறோம்! என்னோடு வருகிற உன்னை யார் என்ன செய்வார்கள்?" என்றாள் ஹைக்கே.

"அன்றைக்கு ரயிலிலும் உன்னோடுதானே வந்தேன்."

அவள் முகம் சிவந்தது. "பல்வலி என்று சொல்லியிருக்கலாமே! எனக்காக ஒரு பொய் சொல்ல முடியாதா?"

அடுத்த நகரத்துக்குப் போவதற்கு அவள் ஒருநாளும் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவன் பூச்செண்டை நீட்டினான். தாய் பூச்செண்டை வாங்கிக்கொண்டு நன்றி கூறினார். தந்தை காரை முடுக்கினார். ஹைக்கே ஏறிக்கொண்டாள். இறங்கிவிடுவாள் என்று எண்ணி, கார் தெருமுனையில் திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை பள்ளியில் அவள், அவன் பக்கத்திலிருந்த தன் வழக்கமான இடத்தை விட்டு, வேறொருத்தியின் அருகே அமர்ந்தாள். கோபம் இல்லை, களைப்பே தெரிந்தது.

"உன்னோடு எங்கே போவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது," என்றாள் இடைவேளையில்.

அவனும் களைத்துத்தான் போயிருந்தான். ஆனால், அவளைப் போல எழுந்து வேறிடத்தில் போய் அமர்ந்துகொள்ள அவனுக்கு வழியில்லை.