மாப்பிள்ளைக்கு சைக்கிள்தானா?

போன ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு சைக்கிளை ஒளித்து வைத்தேன். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா?

என்ன செய்ய... அக்கா உத்தரவு! அவள் மகன் செல்வத்துக்கு ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. “ஆபீஸ் வேலைங்காவ, ஆனா சைக்கிள்ல போறாராமே” என்று மூன்று வீட்டாரும் ஒரே மாதிரி இழுத்தார்கள். நம் ஆட்களே இப்படித்தான். ரயிலில் தொங்கிக்கொண்டு போனால் கௌரவம். சைக்கிள் மிதித்தால் கேவலம்!

நாலாவதாக, தூரத்து டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. “இதுவும் போச்சுன்னா நான் ஒடஞ்சிருவேம்லே” என்றாள் அக்கா. அவ்வளவுதான்... சைக்கிள் பின்சந்துக்குப் போனது. பக்கத்து வீட்டு பைக் வாசலுக்கு வந்தது.

வந்தார்கள். அப்பா, அம்மா, கூடவே பெண் கலாவும். பம்பாயில் பெண்ணே நேரில் வந்து பார்த்துவிடுகிறாள் - நல்லதுதானே?

பைக்கைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மைலேஜ் எவ்வளவு குடுக்கு மாப்ளே?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் முந்திக்கொண்டான். “அது பக்கத்து வீட்டு அண்ணாச்சி பைக்கு. நான் சைக்கிள்லதான் ஆபீஸ் போறேன் மாமா.”

அக்கா என்னை முறைத்தாள். நான் என்ன செய்வேன்? அவள் பெற்ற பிள்ளை!

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சரி, இதுவும் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் கலா வாயைத் திறந்தாள்.

“ஆபீஸுக்கு எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம். பைக்ல போனாலும் ட்ராஃபிக்ல அதே நேரம்தான், பெட்ரோல் வேற. சைக்கிளுக்கு பஞ்சரானாத்தான் செலவு.”

“சாயங்காலம்?”

“ஆறு மணிக்குக் கெளம்புவேன். ஆறரைக்கு வீட்ல டீ குடிச்சிட்டிருப்பேன்.”

கலா அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா, விடியுமுன்னே லோக்கல் ரயிலைப் புடிக்க ஓடுவீங்க. நான் தூங்கினப்புறம்தான் வருவீங்க. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமைதான் உங்க மூஞ்சியையே பாத்திருக்கேன். என் புள்ளையாவது தெனமும் அப்பாவைப் பாக்கட்டும்பா.”

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும்தான். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து, “தட்டு மாத்திருவோம் தாயி” என்றார்.

மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று எல்லோரும் கேட்கிறோம்... எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான் என்று யாராவது கேட்கிறோமா?