சூர்யநாராயணனின் முட்டி

தோப்புக்கரணத்தில் தன்னை மிஞ்ச ஹடப்சர் வட்டாரத்தில் ஆள் கிடையாது என்பது சூர்யநாராயணனின் எண்ணம். வங்கி வேலையில் புணே வந்த நாளிலிருந்து, காலையில் குளித்ததும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போட்டு வருகிறவர். உண்மையில் அவர் போட்டது தலையை ஆட்டுவதும் முட்டியை லேசாக மடக்குவதும்தான். பிள்ளையார் பெருந்தன்மையானவர், ஒன்றும் சொன்னதில்லை.

குடியிருப்பில் கணபதி வைத்தபோது, ஆரத்தி முடிந்ததும் இவர் வாய் சும்மா இருக்கவில்லை. ஜிம்மில் காசு கொடுத்துப் போடுகிற ஸ்க்வாட்டை நாங்கள் பிள்ளையாருக்கு இலவசமாகவே போடுகிறோம் என்று மராட்டிக்கார நண்பர்களிடம் அளந்துவிட்டு, முழுசாக உட்கார்ந்தும் காட்டினார். உட்கார்ந்தார், அவ்வளவுதான். பாதங்கள் ஒட்டியிருந்தன, குதிகால்கள் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டன, முட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மக்கர் பண்ணின. காதை விட்டுக் கையை ஊன்றலாம் என்றால் கௌரவம் விடவில்லை. கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கையில் ஒரு மோதகத்தையும் வைத்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தையில் மகள் ப்ரீதிக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அப்பா நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மோதகம் வாங்கிய மறுநாள் காபி கொடுக்கும்போது மனைவி சந்திரிகா, அவருடைய தம்பி ஷ்யாமையே உட்காரச் சொல்லிவிடலாமே என்றாள். ஷ்யாம் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு மலைக்கோட்டை ஏறுகிறவன். சூர்யநாராயணன் காபி டம்ளரை நக்கென்று கீழே வைத்தார். பெற்றவன் குத்துக்கல்லாக இருக்கும்போது பெண் சித்தப்பா மடியிலா?

வெட்கத்தை விட்டு ப்ரீதியிடமே பயிற்சி கேட்டார். அவள் தினமும் ஜிம்முக்குப் போகிறவள். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டாள். பாதம் தோள் அகலத்துக்கு விரிய வேண்டும், கால்விரல்கள் சற்று வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். முட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கக் கூடாது. ஸ்டூலைத் தேடுகிற மாதிரி இடுப்புதான் முதலில் பின்னால் போக வேண்டும். முட்டி, விரல் பார்க்கிற பக்கமே பார்க்க வேண்டும். குதிகால் தரையை விடவே கூடாது. எழும்போது அதை அழுத்தித்தான் எழ வேண்டும்.

“அப்பா, முட்டி உள்ள போறது பாரு.” தினமும் இதே பாட்டு. காலமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு உட்காரக் கற்றுக்கொண்டார்.

கல்யாணத்தன்று பஞ்சகச்சத்தோடு மூட்டைக்கு முதுகைக் காட்டி நின்றார். சந்திரிகா கண்ணை மூடிக்கொண்டாள். இடுப்பு பின்னால் போயிற்று, குதிகால் அசையவில்லை. பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தேவிட்டார். ப்ரீதி மடியில் வந்து அமர்ந்து, அவர் காதோரம் சொன்னாள்:

“முட்டி சரியா இருக்குப்பா.”

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியதும் அவள் எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். மடி காலியாகிவிட்டது. சூர்யநாராயணன் மட்டும் மூட்டையை விட்டு எழவில்லை.

ஷ்யாம் ஓடிவந்து கை நீட்டினான். “முட்டி பிடிச்சுண்டுடுத்தா அண்ணா?”

முட்டியில் துளி வலி இல்லை. எழ மனசுதான் வரவில்லை.

“ஆமாண்டா” என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாழாப்போன முட்டி.”