நான்கு நிமிட அஞ்சலி

என் அக்காவுக்கு ஒரு பெரிய கிடங்கு நிறுவனத்தில் வேலை. ஊழியர்கள் திறக்கும் இணையச் செயலி எந்த நிறத்தில் இருக்க வேண்டும், பட்டன் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அதற்கு ‘தீம்’ என்று பெயர். அம்மாவைக் கேட்டால், “கம்ப்யூட்டருக்குப் பெயின்ட் அடிக்கிறா” என்பாள்.

தீம் மாறினால் முதல் போன் ஸ்டோர் கீப்பரிடமிருந்து வரும். எல்லோருக்கும் அவர் ‘மீசை’, அக்காவுக்கு அண்ணன். “ஏம்மா, நேத்து வலதுபக்கம் இருந்த பட்டனுக்குக் கால் முளைச்சிடுச்சா?” என்பார். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் போனில் செயலியைத் திறந்து, சரக்கு வந்ததா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாம் வாரம் மேனேஜர் அக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். “டாக்டர் கைய விரிச்சிட்டாராம். அஞ்சலி தீம் ரெடி பண்ணி வச்சிடும்மா, கடைசி நேரத்துல ஓட வேண்டாம்.” அந்த ஆளை எனக்கு இன்றும் பிடிக்காது.

அக்கா செய்தாள். சாம்பல் நிறப் பக்கம், மேலே அடையாள அட்டையில் இருந்த நரைத்த மீசைப் படம், கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’. சரிபார்க்க ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்த வேண்டும். அதற்குக் கீழே ‘அனைவருக்கும்’. கண் கலங்கியிருந்ததில் விரல் கீழே போய்விட்டது.

நான்கு நிமிடம் கழித்துப் பக்கத்து மேஜைக்காரர் கத்திய பிறகுதான் தெரிந்தது. பதறிப்போய் மாற்றினாள். உடனே போன் அடித்தது. அண்ணன். அவள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். அதே தீமை அதே கையால் மறுபடி போட்டாள். “ரொம்ப நல்லா பண்ணியிருக்கே” என்றார் மேனேஜர்.

அந்த நான்கு நிமிடத்தில் அண்ணன் அதைப் பார்த்தாரா, இல்லையா? அந்த ஒரு கேள்வி அக்காவைத் தின்றது. சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். “சும்மா பேசக் கூப்பிட்டிருப்பாருக்கா” என்று நான் எத்தனை முறை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. போன் அடித்தால் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, அடையாள அட்டையைத் திருப்பித் தர அண்ணனின் மனைவி அலுவலகம் வந்தார்.

“கலரெல்லாம் மாத்துற பொண்ணு நீதானே? உனக்குத்தான் கடைசியா போன் போட்டாரு.”

“என்ன சொல்லணும்னாரு அண்ணி?” என்றாள் அக்கா.

“போனைப் பார்த்துச் சிரிச்சாரு. ‘இந்த போட்டோ வேண்டாம், மீசைக்கு மை அடிச்ச போட்டோவைப் போடச் சொல்லு’ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குப் புரியுதா?”

“இல்ல அண்ணி” என்றாள் அக்கா.

அன்றே பழைய கோப்புகளைத் தோண்டி அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். சாம்பல் பக்கத்தில் வைத்தாள். இரண்டு முறை சரிபார்த்து ‘எனக்கு மட்டும்’ அழுத்தினாள்.

மூன்று வருடமாகிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் திரை நீலம். அக்காவுக்கு மட்டும் சாம்பல், மேலே கருகருவென்ற மீசையோடு அவர்.

“எடுத்துடுக்கா, போதும்” என்றேன் ஒருநாள்.

“அவர் போன் பண்ணிச் சொல்லட்டும், எடுக்கிறேன்” என்றாள்.