பத்துக்கு மேல் ஏறோம்

அமெரிக்காவில் படிக்கும் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதப் போடிக்கு வந்து இரண்டு மாதம் தங்கியிருந்தாள். அவள் தோள்பை நிறைய வட்ட வட்டமாகத் தகர பேட்ஜுகள். போர் வேண்டாம் என்று ஒன்று, கறுப்பு மக்களுக்கு நீதி கேட்டு ஒன்று. பழையது ஒன்று, தோட்டக் கூலிகளுக்காகத் திராட்சை வாங்காதே என்று சொல்வதாம். அங்கே வாய் திறக்கவே வேண்டாம், நெஞ்சைப் பார்த்தாலே இவர் எதற்காக நிற்கிறார் என்று தெரிந்துவிடும் என்றாள்.

"திராட்சைக்கே பேட்ஜுன்னா, ஏலக்காய்க்கு நாம உடம்பு பூராக் குத்தணும் மதினி" என்று என் நாத்தனார் சிரித்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பன்னிரண்டு வருசமாக இருவரும் ஒரே ஜீப்பில் போடிமெட்டு ஏறியவர்கள்.

அந்த ஜீப்புதான் எங்கள் பயம். இருபது பேரைத் திணிப்பார்கள். போன மழைக்கு ஒரு வளைவில் சாய்ந்து, என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தவளுக்குத் தோள்பட்டை முறிந்தது. அதனால் நாத்தனாரே வாசகம் சொன்னாள்: பத்துக்கு மேல் ஏறோம். கல்யாணத்துக்கும் எலெக்‌ஷனுக்கும் பேட்ஜு அடிக்கும் கடையில் இருபது அடித்தோம்.

நான் என்னுடையதை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்தேன். குங்குமம் வைத்து நாத்தனாரிடம் நீட்டினேன். சன்னதியிலேயே என் முந்தானையில் குத்திவிட்டாள். எனக்கு அது காப்புக் கட்டிய மாதிரிதான். காப்புக் கட்டினால் காரியம் முடியும்வரை சுத்தமாக இருக்க வேண்டும், கட்டியவர் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் கறி எடுக்கவில்லை. குளித்தால் பழைய சேலையிலிருந்து புதுச் சேலைக்கு மாற்றிக் குத்திக்கொள்வேன்; உடம்பை விட்டுப் போகாதவரை அது அவிழ்த்த கணக்கில்லை.

முதல் வாரம் இருபது பேரும் அசையவில்லை. டிரைவர் கத்தினார், சூப்பர்வைசர் வந்து மிரட்டினார். கடைசியில் இரண்டு ஜீப்பு விட்டார்கள். பத்துப் பேராகக் காலை நீட்டி உட்கார்ந்து மலை ஏறினோம். அந்தப் பெண் சந்தோசமாக ஊருக்குப் புறப்பட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை விடியலில் ஒரே ஜீப்பு வந்து நின்றது. முன் சீட்டில் என் நாத்தனார். கையில் ஆள் பெயர் எழுதும் நோட்டு. ஆள் கணக்குப் பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். சேலையில் பேட்ஜு இல்லை, குத்திய இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும்.

"ஏறுங்க, வெரசா ஏறுங்க. பனி எறங்குறதுக்குள்ள போகணும்."

ஒவ்வொருத்தியாகக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்கள். பதினேழு, பதினெட்டு. நான் நின்றேன்.

"மதினி, வாங்க. ஒங்களுக்கு முன்னாடி எடம் வச்சிருக்கேன்."

அதுதான் தாங்கவில்லை. என்னையும் விலைக்குக் கேட்கிறாளே. ஜீப்பு போய்விட்டது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போன மாதிரி வாசலிலேயே நின்றேன்.

"நீ குத்துனது. நீயே கழட்டு."

"ஒரு தகரத்துக்கா மதினி இம்புட்டும்? எனக்கும் முட்டி வலி. முன்னால ஒக்காந்து போனா என்ன தப்பு?"

"ஒக்காந்துக்க ஆத்தா. ஆனா மாரியாத்தா சன்னதியில எனக்குக் குத்துனதக் கழட்டிட்டுப் போயி ஒக்காரு."

பக்கத்தில் வந்தாள். ஊக்கைத் தொட்டாள். "காப்பி போடுறேன்" என்று அடுப்படிக்குப் போனவள் வெளியே வரவே இல்லை. டம்ளர் கழுவும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. வந்துவிட்டேன்.

இப்போது பஸ்சு ஏறிக் கீழே சிலமலை ஊருக்குக் களை எடுக்கப் போகிறேன். ஊக்கு துருப்பிடித்து மூன்று சேலையில் கறை. விளக்கேற்றும்போது வீட்டார் பெயரை வரிசையாகச் சொல்லிக் கும்பிடுவது என் வழக்கம். அவர் பெயர், பிள்ளைகள் பெயர், அடுத்தது அவள் பெயர். இந்த நாலு மாதமாக அந்த இடத்தில் வாய் நின்றுவிடுகிறது. அவள் பிள்ளைகள் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டுகிறேன். வளைவில் அந்த ஜீப்பு சாயாமல் இருக்க வேண்டும் தாயே என்று மட்டும் கேட்கிறேன். அதில் அவளும்தானே இருக்கிறாள்.