பிம்லெட் என்கிற வில்ஃப்ரெட்

காலை ஏழு மணிக்கு, கடலுக்குள் நீண்டு நின்றுவிடும் கடற்பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வில்ஃப்ரெட் ஒக்கென்டன் தன் மகன் செத்துப்போன செய்தியைக் கடலிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது நான்காவது தடவை. முதல் மூன்றும் அவருக்குத் திருப்தியில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிறவர்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். அவருக்கு மகனே கிடையாது என்பது மார்ல்ஸ்டன் ஊர் முழுக்கத் தெரியும்.

மே மாதத்தில் இங்கே கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. பனிமூட்டம் வந்து இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். பாலத்தின் கடைசியில் இருக்கும் சின்ன நாடக அரங்கு, தண்ணீரில் பாதி கரைந்தது மாதிரி நிற்கும். அதற்குள் உட்கார்ந்தால் பலகைக்குக் கீழே அலை வந்து போவது கேட்கும். வில்ஃப்ரெட்டுக்கு எழுபத்தாறு வயது. அந்த மூட்டத்துக்குள் நிற்கும்போது, யாருடைய கனவிலோ நாம் நுழைந்துவிட்டோம், கனவு காண்பவர் விழித்துக்கொள்வதற்குள் வசனத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமாம்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கும் அறைதான் களம். அதில் வில்ஃப்ரெட் குமாஸ்தா பிம்லெட். ஒவ்வொரு வாரமும் கழுத்தளவு குடையும் பெட்டியும் சுமந்து கதவைத் தள்ளிக்கொண்டு வருவார், எல்லாவற்றையும் கீழே போடுவார், மேலதிகாரி முறைத்ததும் "நான் இப்பதாங்க உள்ள வந்தேன்" என்பார். அவ்வளவுதான். இந்த நாட்டில் அதை இரண்டு வருடம் ஓட்டினார்கள், பிறகு மறந்தார்கள். ஒளிபரப்பியவர்கள் பாதி நாடாவை அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துகொண்டார்கள். இன்றைக்கும் மீன் கடைக்காரர் பிரிச்செட் மட்டும் இவரைக் கண்டால் அந்த வசனத்தைச் சொல்லாமல் மீனை நிறுக்க மாட்டார்.

அதற்கப்புறம் வில்ஃப்ரெட் செய்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். துப்பறியும் தொடர்களில் ஒன்பது முறை பிணமாகப் படுத்திருக்கிறார். மூச்சை அடக்கி, கண் இமைக்காமல் படுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். கிறிஸ்துமஸ் நாடகங்களில் இரண்டு பேர் சேர்ந்து போடும் பசுமாட்டு வேடத்தின் பின்பாதி. பக்கத்து நகரத்துப் பெரிய கடையின் மின்தூக்கியில் "கதவு மூடுகிறது, கவனம்" என்று சொல்லும் குரலும் இவருடையதுதான். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறார். அந்த வேலை மட்டும் அவருக்கு உயிர். கேட்கிறவர்களுக்குப் பிம்லெட்டின் முகம் தெரியாதே.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே போன பிரதிகளை யாரும் அழிக்கவில்லை. ஐயோவா மாநிலத்தில், பார்ப்பவர்களின் நன்கொடையில் நடக்கும் ஒரு தொலைக்காட்சி நிலையம், முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பிம்லெட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஐயோவாவின் கிழக்கு மூலையில் மட்டும் இவர் பெரிய மனிதர். ஆறு வருடத்துக்கு முன் அங்கே அழைத்தார்கள். இவர் மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். இவருக்கு ஆசை வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு துக்கக் கவிதையை எடுத்து வாசித்தார். முதல் வரியிலேயே சிரிக்க ஆரம்பித்தவர்கள் கடைசி வரை நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள், பாவம், அத்தனையும் அன்பு. இவரும் குனிந்து வணங்கிவிட்டு வந்தார். இதை டார்கஸிடம் சொல்லவே அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

டார்கஸ் டன்னிகிளிஃப், அரங்கின் உடுப்பறையைப் பார்த்துக்கொள்பவள். வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும், அதைத் தாண்டித்தான் பேச்சு வரும். இந்த வருடம் கடற்பாலத்து நாடகத்தில் வில்ஃப்ரெட்டுக்கு முதன்முதலாக ஒரு கனமான வேடம் கிடைத்தபோது, கோட்டைத் தைத்துக்கொண்டே அவள்தான் முதலில் அழுதாள். பதினோரு நிமிட வேடம். கிழவர் ஒருவர் மகன் வீட்டுக்கு வருகிறார். மருமகள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். மகனுடைய படகு ஆளில்லாமல் கரைக்கு வந்துவிட்டதை அவர் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராமல் கதவருகே நிற்கிறார். அவர் நிற்பதைப் பார்த்தே அவளுக்குப் புரிய வேண்டும். அந்த இடத்தில் அரங்கில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. ஒருத்தர் சிரித்தால் போதும், கிழவர் போய்ப் பிம்லெட் வந்து நிற்பார்.

வியாழக்கிழமைப் பகல் காட்சிக்கு ஐயோவா ரசிகர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்று தெரிந்ததும் வில்ஃப்ரெட்டுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டுப் பேர், எல்லார் சட்டையிலும் பிம்லெட் முகம் போட்ட வட்ட வில்லை. ரசிகர் குழுவின் தலைவி லோரீன் ஸ்டக்கி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். புதன்கிழமை சாயங்காலம் தேநீர்க் கடையில் அவள் எதிரே உட்கார்ந்து, வில்ஃப்ரெட் வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வானிலையைப் பற்றிப் பேசினார். கடற்பறவைகளைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டார்கஸ், வந்த விஷயத்தைக் கேள் என்று மேசைக்கு அடியில் அவர் காலை இரண்டு முறை உதைத்தாள்.

லோரீன் தன் ஊர்ப் பனியைப் பற்றிச் சொன்னாள். சன்னல் மறையப் பனி விழுந்த ஒரு குளிர்காலம் முழுக்க அவள் கணவன் மெர்ல் படுக்கையில் கிடந்தானாம். பேச்சு நின்றுபோன பிறகும் சனிக்கிழமை வந்தால் கண் மட்டும் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம் திரும்புமாம். "நீங்க கதவைத் திறக்கிறப்ப அவர் வாய் லேசா கோணும், வில்ஃப்ரெட் சார். சிரிக்கிறார்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

இதற்குப் பிறகு, கேட்க வந்ததை அவளிடம் எப்படிக் கேட்பது? வில்ஃப்ரெட் எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். டார்கஸ் மூன்றாவது தடவையாக உதைத்தாள், இந்தத் தடவை பலமாக.

"நாளைக்கு நான் மேடைக்கு வரும்போது கைதட்டாதீங்கம்மா" என்றார், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. "சிரிக்கவும் வேணாம். அந்த ஆள் செத்த மகனைப் பத்திச் சொல்ல வர்றார். ஒரு தடவையாவது என்னை அந்த ஆளா உள்ள விடுங்க."

லோரீன் முகம் விழுந்துவிட்டது. "எங்க பக்கம் பிடிச்சவர் மேடைக்கு வந்தா தட்டிடுவோம், சார். தட்டலேன்னா வந்தவர் மனசு நோகும்னு தட்டுறதுதான்" என்றாள். பிறகு கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு, "எதுவரைக்கும் தட்டக் கூடாது?" என்று கேட்டாள்.

"நான் சொல்ற வரைக்கும்" என்றார் வில்ஃப்ரெட். விட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

வியாழக்கிழமையும் மூட்டம்தான். அரங்கின் கதவிடுக்கு வழியாக அது உள்ளே வந்து விளக்கொளியில் மிதந்தது. டார்கஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, "போயிட்டு வாய்யா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் கதவைத் திறந்தார். பின்வரிசையிலிருந்து பிரிச்செட் "நான் இப்ப..." என்று ஆரம்பித்தார். முன்னே உட்கார்ந்திருந்த ஐயோவாக்காரி ஒருத்தி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் மீதியை விழுங்கிவிட்டார்.

அப்புறம் ஒன்றுமில்லை. பலகைக்கு அடியில் அலை. மேசையில் மருமகள் வைக்கும் முள்கரண்டி. வில்ஃப்ரெட் கதவருகே நின்றார். நிற்க நிற்க அவருக்கு நிஜமாகவே ஒரு மகன் இருந்தான். காது மடல் சிவந்த, அதிகம் பேசாத பையன். கடலிடம் இத்தனை காலைகளில் சொல்லியும் வராத முகம் இப்போது வந்துவிட்டது. மருமகள் திரும்பிப் பார்த்தாள், கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அவர் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை.

நாடகம் முடிந்து திரை விழுந்தது, மறுபடி எழுந்தது. நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் இருபது பேர் தட்டத் தொடங்கி, முன்வரிசைகளில் சத்தமே இல்லாததைக் கண்டு கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார்கள். முப்பத்தெட்டு ஐயோவாக்காரர்களும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். லோரீன் கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. எல்லார் கண்ணும் வில்ஃப்ரெட் மேலேயே இருந்தது.

மருமகளாக நடித்தவள் பயந்துபோய் என்ன ஆச்சு என்று கிசுகிசுத்தாள். பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து டார்கஸ், "சொல்லித் தொலைய்யா. உன் ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

வில்ஃப்ரெட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டடி முன்னால் வந்தார். வலது கையைத் தூக்கினார். முன்வரிசையில் தோள்கள் அசைந்தன, கைகள் பாதி வெளியே வந்தன.

அவர் ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினார்.