மாவுக்குப் போர்த்திய கம்பளி

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்பளியில் இன்றும் புளித்த மாவு வாடை அடிக்கிறது என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எனக்கு அடிக்கிறது. கூடவே எரிச்சலும் வருகிறது.

கல்கத்தாவுக்குத் தெற்கே, ஏரியோடு கூடிய ஒரு பூங்காவில், அப்பாவின் ஆபீஸ் தயவில் குளிர்கால சனி, ஞாயிறுக்கு எங்களுக்கு மரக்குடில் கிடைத்தது. இப்போது அங்கே ஏரியே இல்லை, அடுக்குமாடிகள்தான். பலகை இடுக்குகளில் பனி நுழைந்து தலையணை சில்லிட்டுக் கிடக்கும். வெளியே மூடுபனிக்குள் எங்கிருந்தோ வந்த வாத்துகள் விடாமல் கத்தும். வெயில் வந்ததும் மறுகரைக்குப் போய்விடும். அவற்றைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

"ஸ்வெட்டர் மட்டும் போதாது, நெஞ்சுல சளி கட்டும்" என்று அம்மா கதவை மறித்தாள்.

"அப்ப என் கம்பளியைக் குடு."

"அது மாவுக்கு."

குளிரில் இட்லி மாவு பொங்காது என்று, கல்கத்தாவில் எங்கள் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளிக்கு என் கம்பளியைச் சுற்றியிருந்தாள். மாவு சுகமாகத் தூங்கியது. நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு அசையவே இல்லை. பக்கத்துக் குடிலில் இருந்த வங்காளி மாமி, காகிமா, கொடுத்த லூச்சியை, அவர்கள் ஊர் மைதா பூரியைத்தான் எல்லோரும் தின்றோம்.

திரும்பும் பஸ்ஸில் வெயில் படும் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது, மாவுக்காக. வாளி என் மடியில். டாலிகஞ்ச் நெருங்கும்போது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கம்பளியை நனைத்து, என் பாவாடையில் வழிந்தது. நான் எந்தப் பரிசு வாங்கி வந்தபோதும் அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!"